கரண்டியைச் சாய்த்துப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். நான் ஊட்டச்சத்து ஆலோசகர். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், இவர்களோடுதான் என் பொழுது போகிறது. எதைச் சாப்பிடலாம், எதைக் கூடாது என்று சொல்கிற வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் சொல்வது கொஞ்சம். கேட்பதுதான் அதிகம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் புரதம், வைட்டமின் என்று பேசித் தள்ளினேன். தாய்மார்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அடுத்த மாதம் பார்த்தால் வளர்ச்சி அட்டையில் கோடு அசையாமல் கிடக்கும். இப்போதெல்லாம் என் முதல் கேள்வி, "நேற்றுக் காலையிலிருந்து பிள்ளை என்னென்ன சாப்பிட்டது?" என்பதுதான். "வழக்கமாக என்ன கொடுப்பீர்கள்?" என்று கேட்டால், கொடுக்க நினைத்ததெல்லாம் பட்டியலில் வந்துவிடும். நேற்றைக் கேட்டால் நடந்தது வரும்.

பத்து மாதக் குழந்தை ஒன்று. இரண்டு மாதமாக எடை ஏறவில்லை. ஒரு நாளைக்கு நான்கு முறை ஊட்டுவதாக அம்மா சொன்னார். அந்த வயதுக்கு அது சரியான கணக்குதான். ஊட்டும் கஞ்சியைக் காட்டச் சொன்னேன். கரண்டியில் எடுத்துச் சாய்த்தார். தண்ணீர் போல ஓடிவிட்டது. கெட்டியாகக் கொடுத்தால் தொண்டையில் அடைக்கும் என்ற பயம். நியாயமான பயம்தான், அதற்காக அவரைக் கடிந்துகொள்ள முடியுமா?

கணக்கைப் பாருங்கள். குழந்தையின் வயிறு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 30 மில்லி கொள்ளும். எட்டுக் கிலோ குழந்தைக்கு 240 மில்லி, அதாவது ஒரு டம்ளர். அந்த டம்ளரில் இருக்கும் கஞ்சி தண்ணீராக ஓடினால், வயிறு நிறையும், உடம்பு நிறையாது. அதனால் கரண்டியைச் சாய்த்தால் சட்டென்று வழியாத பதத்தில் மசித்து, ஒரு சிறு கரண்டி எண்ணெய் விடச் சொன்னேன். குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, அவசரப்படாமல் ஊட்டச் சொன்னேன். அங்கேயே உட்கார்ந்து முதல் நாலு வாய் ஊட்டியும் பார்த்தோம். அடைக்கவில்லை.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டாம். அதற்கப்புறம் பாலோடு இணை உணவும், அதாவது மசித்த வீட்டுச் சாப்பாடும், வேண்டும். பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச்சத்துச் சேமிப்பு ஏறக்குறைய அப்போதுதான் தீரத் தொடங்கும். முட்டை, பருப்பு, இறைச்சி, கீரை இவற்றுக்கெல்லாம் அப்போதே இடம் உண்டு. பல் முளைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

எடை போடுவதிலும் ஏமாறுவோம். ஒருமுறை கனத்த உடுப்போடு ஒரு குழந்தையை நிறுத்து, 300 கிராம் ஏறிவிட்டது என்று சந்தோஷமாக எழுதிவிட்டேன். அடுத்த முறை உடுப்பைக் கழற்றி நிறுத்தபோதுதான் அசடு வழிந்தது. தராசை மட்டும் நம்புவதும் ஆபத்துதான். இரண்டு பாதங்களிலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்திப் பார்க்க வேண்டும். குழி விழுந்து அப்படியே நின்றால் அது நீர்வீக்கம். எடை நன்றாக இருப்பது போலக் காட்டும், குழந்தையோ ஆபத்தில் இருக்கும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, மேல்கையின் நடுச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கடுமையான ஊட்டக்குறைவு. இந்த இரண்டில் எதைக் கண்டாலும் வீட்டுச் சாப்பாட்டை மாற்றிப் பார்க்கிறேன் என்று நாள் கடத்தாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

சரி, அந்தக் கஞ்சி அம்மாவிடம் வருகிறேன். பிள்ளை நேற்றுச் சாப்பிட்டதை ஒவ்வொரு வாயாகச் சொன்னவரிடம், "நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள்?" என்றேன். பாலூட்டும் தாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாக வேண்டும். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"காலையில் டீ குடித்தேன்."

"இரும்புச்சத்து மாத்திரை?"

"அதையும் டீயோடுதான் போட்டேன்."

டீ இரும்பை உடம்பில் சரியாகச் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், மாத்திரையால் மலம் கருத்தால் பயப்படத் தேவையில்லை என்றேன். "டீக்கு அப்புறம் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டேன். பதில் வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நான் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.