முருகன் பெயர் கரையவில்லை, கிளைத்திருக்கிறது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்த நேரத்திலும் எழாமல் உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே, வணக்கம்.

'முருகன் என்ற பெயர் வாழ்வது மாறாத வடிவிலா, மாறிவரும் வடிவங்களிலா?' இதுதான் இன்றைய தலைப்பு. மாறிவரும் வடிவங்களில்தான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அக்கா வருத்தத்தோடு ஒன்று சொன்னார்கள். "வகுப்பில் முருகா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஒரு பையன் இல்லை. கார்த்திக், சரவணன், குகன் என்று எல்லாம் கரைந்துபோச்சு" என்றார்கள். முருகன் என்று அப்படியே பெயர் வைப்பது குறைந்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். கரைந்துபோச்சு என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

முருகு என்றால் அழகு, இளமை, மணம். இத்தனை பொருள் உள்ள சொல்லைக் கையில் வைத்திருந்தும் நம் முன்னோர் அந்த ஒன்றோடு நிற்கவில்லையே! நிலத்துக்குத் தெய்வம் சொல்லும் இடத்தில் தொல்காப்பியம் மலைநிலத்து முருகனைச் சேயோன் என்று அழைத்து, 'சேயோன் மேய மைவரை உலகமும்' என்கிறது. அருணகிரிநாதர் 'முருகன் குமரன் குகன் என்று மொழிந்து' உருக வரம் கேட்கிறார். ஒரே மூச்சில் மூன்று பெயர்! ஸ்கந்தன் என்று வந்தது தமிழ் நாக்கில் கந்தன் ஆனது, கந்தசாமி ஆனது, யாழ்ப்பாணத்தில் கந்தையா ஆனது. ஷண்முகன் சண்முகம் ஆனான். அதையே தமிழாக்கி ஆறுமுகம் என்றும் வைத்துக்கொண்டோம்.

இன்னும் ஒன்று பாருங்கள். பெயரைச் சொன்னால் மலை தெரியும். பழனியப்பன் என்றால் பழனி. தணிகாசலம் என்றால் திருத்தணி. மருதாசலம் என்றால் கோயம்புத்தூர்ப் பக்கம் மருதமலை. கதிரேசன் என்றால் கடல் தாண்டிக் கதிர்காமம். கடற்கரைத் திருச்செந்தூரும் செந்தில் என்று தன் பிள்ளையைக் கொடுத்திருக்கிறது. வேண்டுதல் எந்தக் கோயிலிலோ பிள்ளைக்குப் பெயர் அந்தக் கோயிலிலிருந்து வந்தது. மாறாத ஒரே வடிவம் என்றிருந்தால் இத்தனை ஊரும் அந்தப் பெயருக்குள் வந்திருக்குமா?

வேங்கடராமன் என்றொரு மாணவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கப் போனார். வேறு பெயர் உண்டா என்று ஆசிரியர் கேட்டார். வீட்டில் சாமா என்பார்கள், அது சாமிநாதன் என்பதன் சுருக்கம் என்றார் மாணவர். சாமிநாதன் சுவாமிமலை முருகன் பெயர். அன்றிலிருந்து அவர் சாமிநாதன், நமக்கு உ.வே.சாமிநாதையர். 1889-இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்தாரே, அதன் முதல் பாட்டு எது? திருமுருகாற்றுப்படை! அதை அவருக்கு முன்பே உரையோடு அச்சிட்டவர் நல்லூர் ஆறுமுக நாவலர். அந்த நூலை அச்சில் தந்த இவ்விருவர் பெயரும் முருகன் பெயர். இரண்டிலும் 'முருகன்' என்ற சொல் இல்லை. இவற்றையும் கரைந்த பெயர்கள் என்பார்களா எதிரணியினர்?

நடுவர் அவர்களே, வடிவங்கள் பெருகியதற்கு வீட்டுக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கிறது. என் தாத்தா பெயர் பழனிச்சாமி. பாட்டி அந்தப் பெயரை வாயால் சொல்ல மாட்டார். பழனிக்குப் போவதைக்கூட "மலைக்குப் போறேன்" என்றுதான் சொல்வார். முதல் பேரன் பிறந்தால் தாத்தா பெயர் வைக்க வேண்டும், அது முறை. வைத்தார்கள். பள்ளிப் பதிவேட்டில் நான் பழனிச்சாமி. ஆனால் பாட்டி என்னை எப்படிக் கூப்பிடுவார்? மாமனார் பெயரை என் அம்மா எப்படிச் சொல்வார்? பழனி ஆண்டவருக்கே உரிய இன்னொரு பெயர் தண்டபாணி. அதை எடுத்து எனக்குக் கூப்பிடு பெயராக வைத்தார்கள். விளக்கு வைக்கும் நேரம் "ஏ தண்டபாணீ..." என்று தெருக்கோடி வரைக்கும் கேட்கும். பெயரைச் சொல்லக் கூடாத வீட்டில் பெயர் நின்றது அந்த வடிவத்தால்தான். உங்களில் எத்தனை பேருக்கு இப்படி இரண்டு பெயர் என்று வீட்டுக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள்.

1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் தொடங்கி, தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு நம் மக்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். சுப்பிரமணி அங்கே சூப்ரமனி என்று உருத் திரிந்து குடும்பப் பெயராகவே நின்றுவிட்டது. வீட்டில் தமிழ் பேச்சு போன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

மணி அடித்துவிட்டார்கள், முடிக்கிறேன். என் மகனுக்குச் சேயோன் என்று பெயர் வைத்திருக்கிறேன். பெயர்சூட்டு விழாப் பத்திரிகையில் அதைப் பார்த்த உறவினர்கள் "புதுப் பெயரா இருக்கே" என்றார்கள். மூன்றாவது வரிசையில் நீலச் சட்டை போட்டு உட்கார்ந்திருக்கிறான். அவன் பெயர் புதிதா பழையதா என்று, அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இந்த மேடையிலேயே சொல்லட்டும்.