பெட்டிக்குப் பக்கத்து இடம்

அனைவருக்கும் வணக்கம்.

திருமங்கலத்தில் நின்று நாடகத்தைப் பற்றிப் பேச வந்தவன், தியாகி விஸ்வநாத தாஸ் பெயரைச் சொல்லாமல் வாயைத் திறக்க முடியாது. சிவகாசியில் பிறந்து இந்த ஊரில் வாழ்ந்தவர். மேடையில் தேசப் பாட்டுப் பாடியதற்காகச் சிறைக்குப் போனவர். 1940 டிசம்பர் 31 இரவு சென்னையில் வள்ளி திருமண நாடகம். முருகன் வேடத்தில் மயில் மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே அவர் உயிர் பிரிந்தது. இது உங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை.

அப்படிப்பட்ட ராஜபார்ட்டுக்கு, அதாவது கதாநாயக வேடக்காரருக்குப் பக்கத்தில், மேடையின் ஓரத்தில், காலால் மிதித்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஆர்மோனியக்காரர். நம் பக்கத்தில் அவரைப் 'பின்பாட்டு' என்போம். அவரைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

என் தாய்மாமா ஒரு பின்பாட்டு. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். கோடை விடுமுறை விட்டால் போதும், ஆர்மோனியப் பெட்டியை பஸ் மேல் ஏற்றி இறக்க என்னையும் கூட்டிக்கொண்டு போவார். விடிய விடிய அவர் பெஞ்சுக்குக் கீழேதான் எனக்கு இடம். அங்கிருந்து பார்த்தால் நடிகர்களின் பாதமும், மாமாவின் கெண்டைக்காலும்தான் தெரியும். இரண்டு காலும் மாறி மாறி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். காலால் காற்றுக் கொடுத்தால்தான் இரண்டு கையும் வாசிப்புக்குக் கிடைக்கும். ராத்திரி பத்து மணிக்குச் சாமி பாட்டில் தொடங்கி, பபூன் காமிக், டான்ஸ் எல்லாம் முடிந்து, கதைக்குள் நுழைந்து, கோழி கூவும் வரைக்கும் அந்தக் கால் நிற்காது. மறுநாள் அத்தை விளக்கெண்ணெய் போட்டு நீவிவிடும்.

மாமா வாசித்தது ஸ்பெஷல் நாடகத்துக்கு. அதற்கு ஏன் அந்தப் பெயர் என்று இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். இது ஒரே கம்பெனி ஆட்கள் சேர்ந்து போடுகிற நாடகம் இல்லை. ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியாக 'ஸ்பெஷலாக' வரவழைப்பார்கள். ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார், பெண் வேடம் போடுகிற ஸ்திரீபார்ட் மதுரையிலிருந்து, பபூன் திண்டுக்கல்லிலிருந்து. ஒத்திகை கிடையாது. அன்றைக்குத்தான் முதல் தடவை ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பவர்களும் உண்டு. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்துவிட்டுப் போன பாட்டு எல்லோருக்கும் மனப்பாடம், அது ஒன்றுதான் பொதுச்சொத்து. 1918-இல் இதே மதுரையில் பாலசபை நடத்திப் பையன்களுக்குப் பாடம் சொன்னவர் அவர். 1922-இல் மறைந்துவிட்டார். இத்தனை வருஷமும் அந்தப் பாட்டு வாய்க்கு வாய் வந்துகொண்டிருக்கிறது.

சரி, பாட்டு ஒன்றுதான். குரல் ஒன்றில்லையே? ஒருவர் சுருதி நாலு கட்டை, இன்னொருவர் சுருதி ஐந்தரை. இதையெல்லாம் யார் முடிச்சுப் போடுவது?

ஒரு சங்கதி சொல்கிறேன். திரைக்குப் பின்னால் ஸ்திரீபார்ட் அம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தொண்டையைக் கனைப்பார். அவ்வளவுதான். மாமா தலையைச் சாய்த்துக் கேட்பார். "நேத்தும் எங்கயோ பாடியிருக்கு மாப்ளே, தொண்டை இறங்கிக் கிடக்கு" என்பார். கை அரைக் கட்டை கீழே நகர்ந்திருக்கும். அந்த அம்மா வந்து நின்று வாயைத் திறந்தால் சுருதி அவருக்காகக் காத்திருக்கும். ஊர் கைதட்டும். அந்த அரைக் கட்டை யாருக்கும் தெரியாது.

இந்தப் பெட்டி நம் ஊரில் பிறந்ததல்ல. 1842-இல் பாரிஸில் ஒருவர் காப்புரிமை வாங்கிய கருவி. கல்கத்தாவில் கை மாறி, நம் ஆட்களின் உடம்புக்கு ஏற்ப உருமாறி, நாடகக்காரர்கள் கைக்கு வந்தது. படித்த சபைகளில் இதற்கு மரியாதை இல்லை. சுரத்தை வளைத்து அசைக்கிற கமகம் வராது, சுரங்கள் துண்டு துண்டாக நிற்கின்றன என்றார்கள். அகில இந்திய வானொலி இதை ஒதுக்கி வைத்ததும் அதே 1940-இல்தான். 1971-இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. குறை உண்மைதான். வீணையில் இழுக்கிற மாதிரி இதில் இழுக்க முடியாது. ஆனால் மாமா பக்கத்துச் சுரத்தைப் பட்டும் படாமலும் தொட்டுவிட்டு வருவார், மிதியைக் கொஞ்சம் தளர்த்துவார், வளைவு காதில் விழுந்துவிடும். தரையில் சாக்கை விரித்துக் கேட்ட சனம் அதில் அழுதிருக்கிறது. நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு வைகாசி ராத்திரி, மூன்று மணி இருக்கும். வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் உச்சத்தில். வள்ளி மோகன ராகத்தில் எடுக்கிறார், பெட்டியில் மேல் காந்தாரம் என்கிற சுரம் செத்துவிட்டது. அமுக்கினால் வெறும் காற்று. மோகனத்தில் காந்தாரம் இல்லையென்றால் என்ன மிஞ்சும்? கீழ் ஸ்தாயிக்குப் போகலாம், ஆனால் அந்த அம்மா உச்சத்தில் நிற்கும்போது பெட்டி இறங்கினால் குரலைக் காலை வாரிவிட்ட மாதிரி. மாமா யாரையும் பார்க்கவில்லை. காந்தாரம் வருகிற இடத்திலெல்லாம் விரலை எடுத்துக்கொண்டு, அந்த ஒரு சுரத்தை மட்டும் தன் தொண்டையால் நிரப்பினார். பாட்டு முழுக்க அப்படியே போனது. பெஞ்சுக்கு அடியில் இருந்த எனக்கும் மிருதங்கக்காரருக்கும் தவிர யாருக்கும் தெரியவில்லை. விடிந்ததும் பலகையைக் கழற்றிப் பார்த்தால், விளக்குக்கு வந்த ஏதோ பூச்சியின் இறகு, சத்தம் எழுப்புகிற பித்தளை நாக்குக்கு அடியில். பிளேடு நுனியால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

இதெல்லாம் மாசியிலிருந்து ஆடி வரைக்கும். மழைக்காலத்தில் நாடகம் இல்லை. அப்போது மாமா வயலுக்குப் போவார். 2020 மார்ச் 25-இல் நாடு அடைக்கப்பட்டது பங்குனியில், வருஷத்துச் சம்பாத்தியமே தொடங்குகிற நேரம். அடுத்த வருஷமும் சித்திரை கைக்கு வரவில்லை. இரண்டு சீசன் போனால் ஒரு பின்பாட்டுக்குக் கையில் என்ன இருக்கும்? விரல் மட்டும் இருக்கும். மாமா திண்ணையில் உட்கார்ந்து தொடையில் வாசித்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்த வருஷம் நாடகம் வந்தது, மாமா இல்லை.

இப்போது கீபோர்டு வந்துவிட்டது. பட்டனைத் தட்டினால் கட்டை மாறும். வாசிக்கிற பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன், காலாவது தப்பித்தது. அந்தக் கனைப்பைக் கேட்கிற காது மட்டும் அவர்களுக்கு வேண்டும். அதை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்த பெரியவர்களிடம்தான் வாங்க முடியும். இன்னும் சிலர் இருக்கிறார்கள். போய்ப் பக்கத்தில் உட்காருங்கள்.

மாமாவின் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறேன். அதோ, தூணோரம் இருக்கிறது. விருப்பமுள்ள பிள்ளைகள் வந்து தொட்டுப் பார்க்கலாம். மிதி கொஞ்சம் இறுக்கம், எண்ணெய் விட்டிருக்கிறேன். செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள், வெறுங்காலில்தான் பிடி கிடைக்கும்.