வீட்டுல என்றால் யார்?

நடுவர் ஐயாவுக்கு வணக்கம். எதிரணிக்கு வணக்கம், என் அணிக்கும் வணக்கம். கொசுக்கடியைப் பொருட்படுத்தாமல் ராத்திரி ஒன்பதரை மணி வரை உட்கார்ந்திருக்கிற கும்பகோணத்து மக்களுக்கு மட்டும் இரண்டு வணக்கம். நடுவர் இப்போதே மணியைத் தொட்டுப் பார்க்கிறார். சரி, விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

'வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர் முதலில் கவனிக்க வேண்டியது பெற்றோரையா, தன்னையா?' இதுதான் தலைப்பு. நான் 'தன்னையே' அணி. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பதை என் அணித் தலைவர் சொல்லி முடித்துவிட்டார். விமானத்தில் ஆக்ஸிஜன் முகமூடியை முதலில் நீ மாட்டிக்கொள் என்பார்களே, அதை அடுத்து வந்த தம்பி சொல்லிவிட்டார். எனக்குச் சுவரும் மிச்சமில்லை, விமானமும் மிச்சமில்லை. என்னிடம் இருப்பது ஒரு வீல் சேர்க் கதை. அதற்கு முன்னால் எதிரணித் தலைவர் அண்ணனிடம் ஒரு சின்னக் கணக்கு பாக்கி இருக்கிறது.

அண்ணன் என்ன சொன்னார்? "இந்தக் காலத்துப் பெண்கள் செல்ஃப் கேர் செல்ஃப் கேர் என்கிறார்கள். அது செல்ஃப் கேர் இல்லை, செல்ஃபி கேர். மாமியார் கட்டிலில் முனகிக்கொண்டிருப்பார், மருமகள் மொட்டை மாடியில் யோகா செய்து படம் பிடித்துக்கொண்டிருப்பாள்" என்றார். பந்தலே அதிர்ந்தது. நானும் கை தட்டினேன். நல்ல வசனம், யார் சொன்னால் என்ன?

அண்ணன் அதோடு நிறுத்தவில்லை. தன் அம்மாவுக்கு 86 வயது, தாயைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன், எனக்கென்று ஒரு நாளும் யோசித்ததில்லை என்று சொல்லிக் கண்ணையும் துடைத்துக்கொண்டார். இடைவேளையில் காப்பி குடிக்கும்போது நான் சும்மா கேட்டேன்: "அண்ணே, அம்மாவுக்குக் காலையில எத்தனை மாத்திரை?" அண்ணன் காப்பியை ஆற்றினார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். அப்புறம் சொன்னார், "அதெல்லாம் வீட்டுல தெரியும்மா."

வீட்டுல தெரியும்! வீட்டுல என்றால் யார் அண்ணே? பீரோவுக்குத் தெரியுமா? கிரைண்டருக்குத் தெரியுமா? சுவரில் தொங்குகிற காலண்டருக்குத் தெரியுமா? அம்மாவுக்குக் கஞ்சி யார் கொடுப்பது? வீட்டுல. துணி மாற்றுவது யார்? வீட்டுல. ராத்திரி எழுந்து கழிப்பறைக்குக் கூட்டிப்போவது? அதுவும் வீட்டுல. அந்த 'வீட்டுல'வுக்கு ஒரு பெயர் இருக்கிறதா, அதற்கு முதுகு வலிக்குமா, அது கடைசியாக எப்போது டாக்டரைப் பார்த்தது என்று அண்ணனைக் கேட்டால், அதற்கும் பதில் வீட்டில்தான் இருக்கும்! பெற்றோரே முதல் என்று மேடையில் சொல்லுகிற வாய் ஒன்று, மூத்திரத் துணி அலசுகிற கை வேறு ஒன்று. வாய் இங்கே வந்து பேசுகிறது. கைக்கு வர நேரமில்லை.

அண்ணன் வக்கீல், அதனால் சட்டமும் சொன்னார். 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம், மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவு வாங்கலாம், பெற்றோரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை. எல்லாம் சரி. ஆனால் அந்தச் சட்டத்தில் பிள்ளைகள் என்றால் யார் யார் என்று ஒரு வரி இருக்கிறதே, அதை ஏன் அண்ணே விட்டுவிட்டீர்கள்? மகன், மகள், பேரன், பேத்தி. மருமகள் அதில் இல்லை. சட்டத்தில் இல்லாதவள் அடுப்படியில் இருக்கிறாள்! மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிற என் தோழிக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பணிக்காலம் முழுவதற்குமாக 730 நாள் விடுப்பு உண்டு. அம்மாவைப் பார்த்துக்கொள்ள என்று தனியாக விடுப்பு கிடையாது, ஈட்டிய விடுப்பில்தான் கை வைக்க வேண்டும். பார்த்துக்கொள்கிறவளுக்கும் உடம்பு என்று ஒன்று இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை, அந்த வீல் சேர் வரும் வரைக்கும்.

என் மாமியாருக்கு 83 வயது. மூன்று வருடத்துக்கு முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, இப்போது வீட்டுக்குள் வாக்கர் பிடித்து நடக்கிறார். ராத்திரி ஒரு மணிக்கு ஒரு தடவை கூப்பிடுவார், மூன்றரைக்கு ஒரு தடவை. தனியாகப் போய் மறுபடியும் விழுந்துவிட்டால்? அதனால் எனக்குத் தூக்கம் கோழித் தூக்கம்தான். அத்தையின் மாத்திரைக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா வைத்திருக்கிறேன். ஏழு நாள், காலை, மதியம், இரவு, மொத்தம் 21 அறை. ஞாயிற்றுக்கிழமை தோறும் நிரப்பிவிடுவேன், ஒரு மாத்திரை தவறாது. எனக்கும் பி.பி. உண்டு. என் மாத்திரை அட்டை கைப்பைக்குள் பஸ் டிக்கெட்டோடும் ஹேர்பின்னோடும் கிடக்கும். பத்து மாத்திரை அட்டை. ஒன்றரை மாதத்தில் நாலு குழிதான் காலி.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே, அதில் எங்கள் தெருவுக்கும் ஒரு பெண் வருவார். திண்ணையில் வைத்து அத்தைக்கு பி.பி. பார்ப்பார், மாத்திரை கொடுப்பார். "அக்கா, உங்களுக்கும் பார்த்துடட்டுமா?" என்று கேட்பார். "அடுப்புல பால் இருக்கும்மா, அடுத்த தடவை" என்று ஓடிவிடுவேன். மருத்துவம் மக்களைத் தேடி வந்தது, மக்கள் பாலைத் தேடிப் போனார்கள்.

போன ஐப்பசியில் அத்தையை மாதாந்தரப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வாசலில் வீல் சேர் கொடுத்தார்கள். அத்தையை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். நல்ல கூட்டம். டோக்கன் என் கையில். நர்ஸ் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "உட்காருங்க" என்றார். உட்கார்ந்துவிட்டேன். என்னைப் பார்த்து ஒருவர் 'உட்கார்' என்று சொல்லி எத்தனை மாதம் ஆயிற்று! கையை நீட்டச் சொன்னார், நீட்டினேன். பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். 190, 110. நர்ஸ் பதறிப்போய், "இவ்வளவு இருக்கே! இவங்க கூட யார் வந்திருக்கீங்க?" என்று கேட்டார்.

வீல் சேரிலிருந்து என் மாமியார் கையைத் தூக்கினார். "நான்தான் சிஸ்டர்."

சிரிக்காதீர்கள், இன்னும் முடியவில்லை. டாக்டர் மறுபடி பார்த்தார், அதே 190. அத்தைக்குப் பார்த்தார், 130, 80. எனக்கு உடனே இ.சி.ஜி. எடுக்க வேண்டும், மாடிக்குப் போகச் சொன்னார். எழுந்தேன், தலை சுற்றியது. வேறு வீல் சேர் பக்கத்தில் இல்லை. அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். மெதுவாக எழுந்து நின்றார். "நீ உட்காருடி" என்றார். வாக்கர் வீட்டில் இருக்கிறது, அவர் எதைப் பிடித்து நடப்பார்? என் வீல் சேரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அதையே வாக்கராக்கி, அடிமேல் அடி வைத்து என்னைத் தள்ளிக்கொண்டு போனார். லிஃப்ட் வாசலில் ஒருவர், "யாரும்மா பேஷண்ட்?" என்று கேட்டார். "பார்த்தாத் தெரியலை? உட்கார்ந்திருக்கா பாருங்க" என்றார் அத்தை.

நடுவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரிக்கிறார், அவருக்காக இன்னொரு தடவை சொல்கிறேன் ஐயா. காலை பத்து மணிக்கு அவர் உட்கார்ந்து போனார், நான் தள்ளிக்கொண்டு போனேன். பதினொன்றரைக்கு நான் உட்கார்ந்து போனேன், அவர் தள்ளிக்கொண்டு வந்தார். 83 வயது! அப்புறம் ஒரு வாரம் எங்கள் தெருவில் இதே பேச்சுதான். பால்காரர், பூக்காரம்மா, கேஸ் போடுகிற தம்பி, யார் வந்தாலும் அத்தை, "என் மருமகளுக்கு உடம்பு முடியலை, நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்" என்று சொல்லுவார். ஆட்டோவுக்குக் காசு கொடுத்ததும் தானே என்றார். அது மட்டும் பொய்.

இப்போது செவ்வாயும் சனியும் ராத்திரி என் வீட்டுக்காரர் முறை. முதல் நாள் ஒரு மணிக்கு அத்தை கூப்பிட்டார். இவர் எழுந்தார், நேராக என்னிடம் வந்தார், "அம்மா கூப்பிடுறாங்க" என்றார். தகவல் சொல்லிவிட்டுப் போய்ப் படுக்கப் பார்த்தார்! நான் கண்ணைத் திறக்கவே இல்லை. அண்ணே, அதுதான் என் யோகா. இன்றைக்கு அவரைக் கேட்டுப் பாருங்கள், காலையில் நாலு, மதியம் ஒன்று, ராத்திரி இரண்டு என்று தூக்கத்தில்கூடச் சொல்வார். அவர் வீட்டில் இருப்பதால்தான் இந்த நேரத்தில் நான் இங்கே நிற்கிறேன்.

மணி அடித்துவிட்டது, கேட்டது ஐயா. ஒரே ஒரு நிமிடம் கொடுங்கள். இதைச் சொல்வதா வேண்டாமா என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

என் அம்மா, என் அப்பாயியை ஒன்பது வருடம் பார்த்தார். கடைசி நாலு வருடம் அப்பாயி படுத்த படுக்கை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் முதுகில் புண் வந்துவிடும். வீட்டுக்கு வந்த டாக்டர் அப்பாயியின் முதுகைப் பார்த்துவிட்டு, "ஒரு புண்கூட இல்லையேம்மா" என்றார். அம்மா அதைப் பட்டம் வாங்கியது மாதிரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பாயி 91 வயதில் போனார். பதினாலு மாதம் கழித்து அம்மாவும் போய்விட்டார், 59 வயதில். துக்கம் கேட்க வந்தவர்கள், "மாமியாரோட அப்படி ஒரு ஒட்டுதல், பின்னாலயே போயிட்டா" என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

வருடத் திதி முடிந்து பீரோவை ஒழித்தோம். அம்மாவின் கல்யாணப் பட்டுக்கு அடியில் நாலாக மடித்த ஒரு ஓ.பி. சீட்டு இருந்தது. மார்பில் கட்டி, ஸ்கேன் எடுத்துக்கொண்டு உடனே வரவும் என்று டாக்டர் எழுதியிருந்தார். தேதி, அப்பாயி இறப்பதற்கு இரண்டரை வருடம் முன்னால்.

சீட்டைத் திருப்பினேன். பின்பக்கம் பென்சிலில் அம்மாவின் கையெழுத்து. '10 இடது. 12 வலது. 2 இடது. 4 வலது.'

வணக்கம்.