எச் சுட்டெண் 60 என்றால் பெரிய டொக்டரா?

(கிளிநொச்சியில் பல்கலைக்கழக மாணவர்களும் சுகாதார ஊழியர்களும் கூடிய மாலை அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, தம்பி தங்கச்சிமாரே, வணக்கம்.

கனடாவிலிருந்து பெறாமகன் ஒரு படம் அனுப்புவார். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்கொலர் தளத்தின் ஒரு பக்கம். "சின்னம்மா, உங்கட முடக்குவாதத்துக்கு இவர்தான் ஆள். 400 கட்டுரை, எச் சுட்டெண் 60." சின்னம்மா அதைக் கிளினிக்கில் காட்டி, "60 எண்டால் நல்லதோ, கூடாதோ?" என்று கேட்பார். பிரஷர், சுகர் மாதிரி இதற்கும் ஓர் அளவு இருக்கும் என்ற நினைப்பு. கேள்வி நியாயமானதுதான்.

ஒருவர் எழுதிய கட்டுரைகளை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதை ஒரே எண்ணில் சொல்வதுதான் எச் சுட்டெண். அதை 2005இல் முன்வைத்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற பௌதிகவியலாளர், வைத்தியர் அல்ல. ஒருவருடைய 5 கட்டுரைகளை மற்ற ஆய்வாளர்கள் 40, 12, 6, 4, 1 தடவை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று வையுங்கள். குறைந்தது 4 தடவை காட்டப்பட்டவை 4 கட்டுரைகள். ஆகவே சுட்டெண் 4. அவ்வளவுதான் கணக்கு. ஒரேயொரு கட்டுரை எழுதி, அது 10,000 தடவை காட்டப்பட்டாலும் சுட்டெண் 1தான்!

சரி, வாதநோய்த் துறையில் எது அதிகம் மேற்கோள் காட்டப்படுகிறது? மருந்து கண்டுபிடித்த கட்டுரைதான் என்று நினைப்பீர்கள். ஓர் அளவுகோல் கட்டுரையைப் பாருங்கள். மூட்டுகள் அழற்சியால் வீங்கி நோகும் முடக்குவாதத்தை வகைப்படுத்த அமெரிக்காவில் 1987இல் திருத்திய அளவுகோல் 1988இல் அச்சில் வந்தது. காலை விறைப்பு ஒரு மணித்தியாலமாவது நிற்க வேண்டும், கை மூட்டுகள் வீங்கியிருக்க வேண்டும் என்று 7 அம்சங்கள். 4 பொருந்தினால் முடக்குவாதம். அதன்பின் இந்த நோயைப் பற்றி யார் ஆய்வு செய்தாலும், தன் நோயாளர்கள் இந்த அளவுகோலுக்கு உட்பட்டவர்கள் என்று ஒரு வரி எழுதத்தான் வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு மேற்கோள். 2010இல் புது அளவுகோல் வந்தது. அதில் காலை விறைப்பே இல்லை, ஆனால் மேற்கோள் மழை இப்போது அதன்மேல் பெய்கிறது.

இன்னொரு பக்கம் லண்டனைப் பாருங்கள். டி.என்.எஃப் என்ற அழற்சிப் புரதத்தைத் தடுத்தால் மூட்டு அடங்கும் என்று ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும் காட்டினார்கள். 1994இல் லான்செட் என்ற மருத்துவச் சஞ்சிகையில் வந்த அவர்கள் குழுவின் சோதனையில் இருந்தவர்கள் 73 பேர்தான். இன்று உலகம் முழுக்க ஏற்றப்படும் ஊசி மருந்துகள் அந்த வழியில் வந்தவை. அளவுகோலும் பயன்தான், ஊசியும் பயன்தான். எண்ணிக்கை இரண்டையும் பிரித்துச் சொல்லாது. திட்டு வாங்கினாலும் அது மேற்கோள்தான். தடுப்பூசியையும் ஒட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட 1998ஆம் ஆண்டுக் கட்டுரை 2010இல் மீளப்பெறப்பட்டது, இன்னும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

அப்புறம், நம்முடைய பெயர்ச் சிக்கல். முதல் கட்டுரையில் முதலெழுத்தோடு பெயர். கலியாணத்துக்குப் பிறகு கணவர் பெயர். மூன்றாவதில் வெளிநாட்டுச் சஞ்சிகைக்காரர் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக்கிவிடுவார். மருத்துவக் கட்டுரைகளின் இணையப் பட்டியலான பப்மெட்டில் தேடினால் ஒரே பிள்ளை மூன்று பேராக நிற்பார். ஒரே முதலெழுத்துள்ள மூன்று பேர் ஒருவராகிவிடுவதும் உண்டு. முதல் கட்டுரைக்கு முன்பே ஓர்கிட் எண் எடுங்கள், அது ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியான அடையாள எண். 16 இலக்கம், காசு இல்லை. தமிழருக்கென்றே செய்தது மாதிரி இருக்கிறது!

ஆகவே சின்னம்மாவுக்கு என் பதில்: சுட்டெண்ணை விடுங்கள், பெறாமகனை மூன்று கட்டுரைகளைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பெயர் பெரும்பாலும் வேலையைச் செய்தவராக முதலில் நிற்கிறதா, வழிநடத்தியவராகக் கடைசியில் நிற்கிறதா, 40 பேருக்கு நடுவில் நிற்கிறதா? எழுதியது முடக்குவாதம் பற்றியா, ஆய்வுகூட எலி பற்றியா? அதைவிட, மாதாமாதம் இரத்தம் பார்த்து மருந்தளவைச் சரிசெய்யும் இங்குள்ள வைத்தியர்தான் அவருக்குப் பெரிய ஆள்.

கடைசியாக ஒரு விஷயம், சுட்டெண்ணைப் பாராமல் நாமே செய்யக்கூடிய ஓர் ஆய்வு. மகாராஷ்டிராவில் பிக்வான் என்ற ஊரில் 1996இல் வீடு வீடாகப் போய் மூட்டு நோவைக் கேட்டு எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச வாதநோய்ச் சங்கமும் ஊர்களில் வாதநோய்களைக் கணக்கெடுக்க 1981இல் தொடங்கிய கொப்கோர்ட் திட்டத்தின் முறைதான் அது. பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம், கேள்வித்தாளும் நடக்கக் கால்களும் வேண்டும். குனிந்து நாற்று நட்ட முதுகுகளும், சிக்குன்குனியா வந்துபோன முழங்கால்களும் இங்கே நிறைய உண்டு. கண்டாவளையில் ஒரு கிராம அலுவலர் பிரிவோடு தொடங்கலாம். எந்த வீட்டில் யார் என்று குடும்பநல உத்தியோகத்தர்களுக்குத் தெரியும், அவர்களில் பலர் முன்வரிசையிலேயே இருக்கிறீர்கள். கேள்வித்தாளை நம்முடைய பேச்சில் எழுதித்தர இரண்டு மாணவர்கள் வேண்டும். தேநீர் வேளையில் வந்து பெயர் தாருங்கள்.