தோட்டத்து வாசலில் சோற்றுப் பொட்டலம்

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளில் பரணைத் தட்டினால் ஒரு மலேயாக் கணக்கு நோட்டாவது விழும். எங்கள் ஐயா, அதாவது என் அப்பாவின் அப்பா, இன்றைய மலேசியாவான அந்த மலேயாவின் பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் மேலாளாக இருந்தவர். ‘சிவமயம்’ போட்டுத் தொடங்கும் அவருடைய பேரேட்டில், சீவிப் பாழாக்கிய பால்மரம் இத்தனை, எரிந்த கொட்டகை இத்தனை என்று எல்லாம் தொகையோடு இருக்கிறது. ஆட்களைப் பற்றி ஒரு வரி கிடையாது.

1948 ஜூன் 16 அன்று பேராக்கின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத் துரைமார் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் மலேயா முழுக்க அவசரநிலை. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துக் காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகள் தங்களை விடுதலைப் படை என்றார்கள். வெள்ளைக்காரன் ‘போர்’ என்ற சொல்லையே தொடவில்லை. போர் என்றால் லண்டன் இன்ஷூரன்ஸ்காரர்கள் நஷ்டத்துக்குப் பணம் தரமாட்டார்களாம். கணக்கு வழக்கிலேயே ஊறிய எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை!

சண்டை உண்மையில் சோற்றில்தான் நடந்தது. காட்டில் இருப்பவனுக்கு அரிசி போகக்கூடாது என்று தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். விடியற்காலை பால்வெட்டப் போகிறவர்களை வாசலில் நிறுத்தித் தடவிப் பார்ப்பார்கள். மத்தியானச் சோற்றுப் பொட்டலம்கூடக் கொண்டுபோக முடியாது. சில இடங்களில் அரிசியே கொடுக்காமல் பொதுச் சமையல் நடத்தினார்கள். வெந்த சோறு கெட்டுவிடும், காடுவரை போய்ச் சேராது. கடையில் டின் உணவு வாங்கினால் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள். அந்தப் பக்கமும் லேசில்லை. கொரில்லாக்கள் அடையாள அட்டையைப் பிடுங்குவார்கள். அட்டை இல்லாதவனைப் போலீஸ் பிடிக்கும். காட்டிக்கொடுத்தான் என்று சந்தேகம் வந்தால் கொலைதான். விடுதலை என்ற பெயருக்காக அந்தக் கொலைகளை நான் தள்ளிவிட மாட்டேன்.

1948 டிசம்பரில் சிலாங்கூரின் பத்தாங் காலியில், கையில் ஆயுதமே இல்லாத 24 சீனர்களைப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றார்கள். செத்தவர்கள் கொள்ளையர் என்றுதான் முதலில் செய்தி வந்தது. கணக்கில் பத்தியை மாற்றி எழுதினால் போதும், தொகை சரியாகிவிடும். 1960-இல் அவசரநிலை முடிந்தபோது அரசு காட்டிய கணக்கில் பொதுமக்கள் 2,478 பேர் பலி, 810 பேரைக் காணவில்லை. சீனர்கள்தான் அதிகம்; தமிழர்களும் உண்டு.

வாசலில் நின்று பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தவர்களில் எங்கள் ஐயாவும் ஒருவரா? அப்பத்தாவிடம் ஒரு தடவை கேட்டேன். “அந்தப் பேச்சு நமக்கு எதுக்குப்பா” என்று வெற்றிலைப் பெட்டியை மூடிக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.