பாகும் கற்கண்டும்: ஆப்டேன் நினைவகத்தின் கதை

வணக்கம். இன்று நான் பேச வந்திருக்கும் ஆப்டேன் நினைவகம் இப்போது தயாரிப்பிலேயே இல்லை. 2022-ல் இன்டெல் அதைக் கைவிட்டது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

கணினியில் இரண்டு விதமான நினைவகம் இருக்கிறது. ராமில் ஒரு பிட்டுக்கு, அதாவது ஒரு 0 அல்லது 1-க்கு, ஒரு டிரான்சிஸ்டர் என்னும் மின் சுவிட்ச், மின்னூட்டத்தைத் தேக்கும் ஒரு குட்டி மின்தேக்கி, அவ்வளவுதான். ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் டெனார்ட் 1966-ல் யோசித்த அமைப்பு இது. வேகமானது, ஆனால் மின்தேக்கியில் இருப்பது கசிந்துகொண்டே இருப்பதால் 64 மில்லி விநாடிக்கு ஒரு முறையாவது திரும்ப நிரப்ப வேண்டும், கரண்ட் போனால் எல்லாம் போச்சு. இன்னொன்று ஃபிளாஷ், உங்கள் போனிலும் பென்டிரைவிலும் இருப்பது. மறக்காது, விலையும் குறைவு, ஆனால் ராம் நானோ விநாடியில் சொல்லும் பதிலை இது ஆயிரம் நானோ விநாடி சேர்ந்த மைக்ரோ விநாடிக் கணக்கில்தான் சொல்லும்.

நடுவில் இருக்கும் இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் 2015 ஜூலையில் இன்டெலும் நினைவகம் தயாரிக்கும் மைக்ரானும் சேர்ந்து த்ரீடி எக்ஸ்பாயின்ட் என்று ஒன்றை அறிவித்தார்கள். ஆப்டேன் என்பது இன்டெல் வைத்த விற்பனைப் பெயர். ராமைவிட 10 மடங்கு அடர்த்தி, ஃபிளாஷைவிட 1000 மடங்கு வேகம் என்றார்கள். கடைக்கு வந்த டிரைவ்களில் அந்த 1000 தெரியவில்லை, ஆனாலும் 10 மைக்ரோ விநாடியில் பதில் வந்தது, அது ஃபிளாஷில் செய்த அன்றைய எஸ்எஸ்டி டிரைவ்களால் முடியாத வேலை.

உள்ளே என்ன இருக்கிறது என்று இரண்டு நிறுவனங்களும் சொல்லவில்லை. சிப்பைப் பிரித்துப் பார்த்தவர்கள் கண்டது ஜெர்மானியம், ஆன்டிமனி, டெல்லூரியம் கலந்த பொருள். சர்க்கரைப் பாகை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டென்று ஆறினால் கண்ணாடி மாதிரி மிட்டாய், நிதானமாக விட்டால் கற்கண்டு. இந்தப் பொருளும் அப்படித்தான்: உருக்கி உடனே குளிரவைத்தால் கண்ணாடியாக உறைந்து மின்சாரத்தைத் தடுக்கும், பதமான சூட்டில் வைத்தால் படிகமாகி மின்சாரத்தை விடும். ஒன்று 0, மற்றது 1. கயிற்றுக் கட்டில் மாதிரி குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள் போட்டு, அவை சந்திக்கிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு பிட்டை வைத்தார்கள். பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர் தேவையே இல்லை. என்ன அழகான யோசனை!

சரி, அப்புறம் ஏன் நிலைக்கவில்லை? ஒரே இடத்தில் நிறையப் பிட் கொள்ள அடுக்கடுக்காகக் கட்ட வேண்டும். ஆப்டேனில் ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாக ஒளியால் அச்சிட்டுச் செதுக்க வேண்டும், அடுக்கு கூடக் கூடச் செலவும் அதே வேகத்தில் ஏறும். முதல் தலைமுறையில் 2 அடுக்கு, அடுத்ததில் 4, அதோடு சரி. ஃபிளாஷ்காரர்கள் பிடித்த வழி வேறு. படலங்களையெல்லாம் முதலில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிவிட்டு, தாள்கட்டைக் கோணி ஊசியால் குத்துவது போல மேலிருந்து கீழே ஒரே துளையாகப் போட்டுவிடுவார்கள். 2013-ல் சாம்சங் 24 அடுக்கில் தொடங்கியது, 2024-ல் எஸ்கே ஹைனிக்ஸ் 321 அடுக்கில் உற்பத்தியைத் தொடங்கியது, அதிலும் மூன்றே தவணையில் துளை போட்டு. ஒரு பிட்டின் விலையில் ஆப்டேனால் இதனோடு எப்படிப் போட்டியிட முடியும்? 2021-ல் மைக்ரான் விலகி, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து லீஹை ஊரில் இருந்த ஆலையை 90 கோடி டாலருக்கு டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸுக்கு விற்றது. அடுத்த ஆண்டு இன்டெலும் நிறுத்தி, தேங்கிக் கிடந்த சரக்குக்காக 55.9 கோடி டாலரை நஷ்டத்தில் எழுதியது.

சின்னச் சின்னத் தரவுகள் உடனுக்குடன் பதிய வேண்டிய டேட்டாபேஸ் வேலைக்கு, இன்றும் பழைய ஆப்டேன் டிரைவைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.