24,999 ரூபாய்க்கு ஆறு வாரத்துல பிரைவேட் ஈக்விட்டியா?

மக்களே, கேக்குதா? காத்து கேக்குதா, நான் கேக்குறேனா? போன வீடியோவுல அலைச் சத்தம் மட்டும்தான் வருதுன்னு திட்டினீங்கள்ல, அதுக்காக மைக்குக்கு முடி வச்ச குல்லா ஒண்ணு வாங்கினேன். 1,450 ரூபா. பாருங்க, பூனைக்குட்டி மாதிரி இருக்கு. மண்டபம் தோணித்துறையில கச்சான் காத்துக்கு முன்னாடி அதுவும் பூனைக்குட்டியாத்தான் நடுங்குது. அத்தா வந்து பாத்தாரு, பழைய பனியனைக் கிழிச்சாரு, தங்கூசி நூல் வச்சு ரெண்டு சுத்து சுத்திக் கொடுத்தாரு. இப்ப நீங்க கேக்குறது பனியன் வழியா. 1,450 ரூபா மக்களே!

பின்னாடி டொக் டொக்னு வர்றது படகு மராமத்து. தடைக்காலம், ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், விசைப்படகு எதுவும் போகாது. நானும் லீவுல வந்திருக்கேன். வந்த எடத்துல ஒரு கடுப்பு.

எங்க அக்கா மகன், பி.காம் முடிச்சவன், வீட்டுல சொல்லாம 24,999 ரூபா கட்டியிருக்கான். ஆறு வாரத்துல பிரைவேட் ஈக்விட்டி வேலைக்குத் தயார் பண்ற கோர்ஸாம். என்னடா சொல்லித் தர்றாங்கன்னா, "மவுஸைத் தொடாம எக்செல் போடலாம் சின்னம்மா"ங்கிறான். டேய், நாலு வருஷமா நான் மவுஸ் புடிச்சுத்தான்டா வேலை பாக்குறேன்!

புதுசா வந்தவங்களுக்காக வேகமா சொல்லிடுறேன். பிரைவேட் ஈக்விட்டின்னா, பென்ஷன் ஃபண்டு, இன்சூரன்ஸ் கம்பெனி, பெரிய பணக்காரங்க, இவங்ககிட்ட பணம் திரட்டி, கம்பெனில பங்கு வாங்கி, வளத்து, சில வருஷத்துல வித்துட்டு வெளிய வர்றது. நம்ம நாட்டுல பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி 2012ல போட்ட ஏ.ஐ.எஃப்., அதாவது மாற்று முதலீட்டு ஃபண்டு, விதிமுறைக்குள்ள வரும், ஒருத்தர் பொதுவா 1 கோடிக்குக் கொறஞ்சு போட முடியாது. வேலைக்கு நேரா உள்ள போறவங்க கம்மி. நான் மதுரையில ஆர்ட்டிகிள்ஷிப்ங்கிற பயிற்சி, சி.ஏ., அப்புறம் ஒரு ஆடிட் கம்பெனியில மூணு வருஷம் டியூ டிலிஜென்ஸ், அதான் விலைக்கு வர்ற கம்பெனியோட கணக்கைத் துருவிப் பாக்குற வேலை, அதுக்கப்புறம்தான் மும்பையில பிரைவேட் ஈக்விட்டி. இப்ப அசோசியேட். மேல வி.பி., பிரின்சிபல், பார்ட்னர்னு ஏணி போகுது.

இப்ப நாங்க பங்கு வாங்கலாமான்னு பாத்த ஒரு மீன் கம்பெனி கதை. பேரு சொல்ல மாட்டேன், ஊரும் சொல்ல மாட்டேன். கிழக்குக் கரையில மீன் வாங்கி உறைய வச்சு ஏத்துமதி பண்றவங்க. மாசாமாசம் எவ்வளவு டன் வாங்கினாங்கன்னு ஒரு ஷீட் கொடுத்தாங்க. டீமே அதைப் பாத்துச்சு. அழகா, சீரா, பன்னெண்டு மாசமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. எனக்கு மே மாசத்துல கண்ணு நின்னுச்சு. மே மாசம் எங்க அத்தா வீட்டுத் திண்ணையில வலை பொத்திக்கிட்டு இருப்பாரு, இவங்களுக்கு மட்டும் எந்தக் கடல்ல மீன் வருது?

கேட்டேன். மேற்குக் கரையில வாங்குறோம்னாங்க. தப்பில்ல, அங்க தடை ஜூன் 1லேர்ந்து ஜூலை 31. மே மாசம் அங்க மீன் உண்டு. ஆனா அங்கேருந்து வந்தா லாரி வாடகை ஏறணுமில்ல? ஏறல! வாடகைக் கணக்கும் பன்னெண்டு மாசமும் ஒரே அளவு! அன்னிக்கு ராத்திரி ஓட்டல் ரூம்ல நான் மட்டும் தனியா கை தட்டிக்கிட்டேன்.

விஷயம் என்னன்னா மோசடி இல்ல. வருஷ மொத்தம் சரியாத்தான் இருந்துச்சு, யாரோ ஒரு புண்ணியவான் அதைப் பன்னெண்டால வகுத்து ஷீட்டுல ரொப்பிட்டாரு. நெசத்துல ஏப்ரல் 14க்குள்ள வாங்கி அடுக்கிடறாங்க. அப்படின்னா அந்த ரெண்டு மாசம் கையில எவ்வளவு ரொக்கம் வேணும்? விலை கணிக்க நாங்க போட்ட எக்செல் மாடல்ல அது இல்லவே இல்ல. ஒர்க்கிங் கேப்பிட்டலை, அதான் அன்றாட ஓட்டத்துக்கு வேண்டிய பணத்தை, திரும்பக் கணக்குப் போட்டோம், விலைப் பேச்சும் மாறிடுச்சு.

பணம் போடலாமான்னு முடிவு பண்ற இன்வெஸ்ட்மெண்ட் கமிட்டிக்குப் போன மெமோவுல "டீம் கண்டறிந்தது"ன்னு ஒத்த வரி. டீமாம்! ரெண்டு நாள் யார்கூடவும் சாப்பிடப் போகல நான்.

அய்யோ, இருங்க, ஒண்ணு விட்டுட்டேன். கரண்ட் பில்லு. அதைச் சொல்லாட்டி பாவம் புடிச்சுக்கும். நான் லாரி வாடகையோட நின்னுட்டேன், அது வெறும் சந்தேகம்தான். எங்க டீம்ல ஒரு ஒடிசாக்காரப் பொண்ணு, பேசவே பேசாது, அந்த ஃபேக்டரியோட ஈ.பி. பில்லு பன்னெண்டையும் வாங்கி வரிசையா வச்சிருச்சு. புது மீனை உறைய வைக்கத்தான் கரண்ட் பிச்சிக்கிட்டுப் போகும். உறைஞ்ச மீனை மைனஸ் 18ல வச்சிருக்க அவ்வளவு இழுக்காது. மே மாச பில்லு, அந்த வெயில்லயும், இறங்கியிருந்துச்சு. அதுதான் ஆதாரம். அந்தப் பொண்ணும் மெமோவுல பேரு கேக்கல. கமிட்டியில ஒருத்தர் நோண்டினப்ப எங்க பிரின்சிபல், "கண்டுபுடிச்ச ரெண்டு பேரும் இங்கதான் இருக்காங்க, அவங்களே சொல்லட்டும்"னு எங்க பக்கம் திருப்பி விட்டாங்க. நான் ஒளறினேன், அது பில்லைக் காட்டுச்சு.

அப்புறம் சம்பளம். தொகை சொல்ல மாட்டேன்னு தெரியும்ல? கேரி, அதான் லாபத்துல வர்ற பங்கு, அதைப் பத்தி மட்டும் சொல்றேன். பணம் போட்டவங்களுக்கு மொதலு திரும்பணும், அதுக்கு மேல வழக்கமா 8 சதவீதம் போகணும், அப்புறம் வர்ற லாபத்துல 20 சதவீதம் நிர்வாகம் பண்றவங்களுக்கு. அதுல என்னை மாதிரி சின்ன ஆளுங்களுக்கு வர்றது அபூர்வம். இதை அத்தாகிட்ட சொன்னா டக்குனு புடிச்சுக்கிட்டாரு. அவர் போற படகுலயும் டீசல், ஐஸ், ரேஷன் போகத்தான் பங்கு.

"சரி, பங்கு எப்பம்மா பிரிப்பாங்க?"

"ஃபண்டோட ஆயுசு பொதுவா பத்து வருஷம் அத்தா."

"பத்து வருஷம் கரைக்கே வராத படகா?"

சொல்லிட்டு வலையைப் பாக்கத் திரும்பிட்டாரு.

கோர்ஸ் பணம் திரும்ப வராதாம், கேட்டுப் பாத்தாச்சு. பயலைக் காலையில ஐஸ் கம்பெனிக்கு அனுப்பினேன், ஒரு பார் ஐஸ் என்ன விலைன்னு கேட்டுட்டு வாடான்னு. அந்தா சைக்கிள்ல வர்றான்… என்னடா? ரெண்டு விலையா? தடைக்காலத்துக்கு ஒண்ணு, சீசனுக்கு ஒண்ணு… நான் ஒண்ணுதானடா கேக்கச் சொன்னேன்? "இப்ப படகு போகலயே சின்னம்மா, அதான் சீசன் விலையையும் கேட்டேன்"ங்கிறான்.

கேமராவை ஆஃப் பண்றேன் மக்களே, இவன்கிட்ட பேசணும்.